கருகாத செடியின் விதை எங்கே கிடைக்கும்?

தக்காளிச் செடியின் அடி இலையில் வட்டம் விழுந்திருக்கிறது என்று மருந்துக் கடையில் போய்ச் சொல்லிப் பாருங்கள். எந்த ரகம், நட்டு எத்தனை நாள் ஆகிறது, மழை பெய்ததா என்று ஒரு கேள்வி வராது. கை நேராக அலமாரிக்குப் போகும். மேன்கோசெப் பொட்டலம் மேஜைக்கு வரும். "லிட்டருக்கு ரெண்டு கிராம் கலந்து அடிங்க சார். மழை விட்டதும் இன்னொரு தடவை அடிங்க." அதோடு முடிந்தது. சரி, கருகலைத் தாங்குகிற ரகம் ஏதாவது இருக்கிறதா, அடுத்த பட்டத்துக்கு நாமே விதை எடுத்து வைத்துக்கொள்கிற மாதிரி வேண்டும் என்று கேட்டால், கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்க்கிறார். "தாங்குற ரகம் இருக்கு, அதுல விதை எடுக்க முடியாது. விதை எடுக்கிற ரகம் தாங்காது. ரெண்டும் சேத்து யாரு சார் கேக்குறாங்க?"

நான் கேட்கிறேன். திருவண்ணாமலையில் கிரிவலப் பாதையை ஒட்டிய ஊர்களில் கால் ஏக்கரும் அரை ஏக்கரும் வைத்துக்கொண்டு, வீட்டுக்குப் போக மிச்சத்தை உழவர் சந்தைக்குக் கூடையில் எடுத்து வருகிறவர்கள் கேட்கிறார்கள். மாடியில் பைகளில் வளர்க்கிறவர்கள் கேட்கிறார்கள். கேட்டுக் கேட்டு அலுத்துப்போய்ப் பாதிப்பேர் இப்போது கேட்பதையே விட்டுவிட்டார்கள். அதுதான் எனக்கு மனசு ஆறவில்லை.

எங்கள் பக்கம் தக்காளிக்கு வருவது பெரும்பாலும் முன்பருவ இலைக்கருகல். ஆல்டர்னேரியா என்ற பூஞ்சணத்தின் வேலை. முதலில் தரையை ஒட்டிய இலைகளில் பழுப்புப் புள்ளி தெரியும். சில நாளில் அது விரல் நகம் அளவுக்கு விரியும். இலையை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தால், புள்ளிக்குள் வட்டத்துக்குள் வட்டமாகக் கோடு ஓடியிருப்பதும், அதைச் சுற்றி மஞ்சள் படர்ந்திருப்பதும் நன்றாகத் தெரியும். பிறகு கீழிருந்து மேலே ஏறும். இலை காய்ந்து தண்டோடு ஒட்டித் தொங்கும். நிழல் போன காய் வெயிலில் வெந்து ஒரு பக்கம் வெளுத்துவிடும். காம்பை ஒட்டிக் கறுப்பாகக் குழி விழுந்த காயை மண்டியில் யாரும் தொடமாட்டார்கள். செடி ஒரே நாளில் சாகாது. பூவும் விட்டுக்கொண்டுதான் இருக்கும். உரம், தண்ணீர், களையெடுப்பு எல்லாச் செலவையும் வாங்கிக்கொண்டு பாதியில் கையை விரிக்கும்.

நீலகிரி மாதிரி குளிரும் ஈரமும் சேர்ந்த இடங்களில் வருகிற பின்பருவக் கருகல் வேறு. அது பைட்டோப்தோரா; 1845-ல் அயர்லாந்தின் உருளைக்கிழங்கை அழித்துப் பஞ்சத்தைக் கொண்டுவந்த அதே கிருமி. நம் சமவெளி வெயிலில் அது அவ்வளவாக நிலைக்காது. ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் இலை காய நேரமில்லாமல் தூறிக்கொண்டே இருக்கிறதே, இடையிடையே வெயில் அடித்துப் புழுங்குகிறதே, அந்த வெதுவெதுப்பும் ஈரமும் ஆல்டர்னேரியாவுக்கு அப்படிப் பிடிக்கும். தீபத்துக்கு ஊர் நிரம்பி வழிகிற வாரங்களில், ஊரில் ஒவ்வொரு அன்னதானப் பந்தலிலும் ரசம் கொதிக்கிற வாரங்களில், உள்ளூர்த் தக்காளி தோட்டத்தில் கருகிக்கொண்டிருக்கும். ரசத்துக்கு வெளியூர் லாரியில் வந்த பழம் போகும்.

இதற்கு விஞ்ஞானம் பதில் கண்டுபிடிக்கவில்லையா என்றால், கண்டுபிடித்துவிட்டது. பெங்களூரு ஹெசரகட்டாவில் இருக்கிற இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தில் ஏ.டி. சதாசிவா தலைமையில் உருவாக்கிய அர்கா ரக்‌ஷக், இலைச்சுருட்டை வைரஸ், பாக்டீரியா வாடல், முன்பருவக் கருகல் மூன்றையும் தாங்கும். எக்டேருக்கு 75, 80 டன் வரும் என்கிறது நிறுவனம். பின்னால் வந்த அர்கா அபேத், பின்பருவக் கருகலையும் சேர்த்து நான்கைத் தாங்கும். பெரிய வேலை. அதைச் செய்தவர்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் இரண்டுமே வீரிய ஒட்டு. அந்தப் பழத்தில் விதை எடுத்து நட்டால் பெற்றோரின் குணமெல்லாம் கலைந்து சிதறிப்போகும். அதே நிறுவனம் தந்த அர்கா ஆபா, அர்கா ஆலோக் இரண்டும் விதை எடுக்கக்கூடிய ரகங்கள். அவை தாங்குவது வாடலை. கருகல் தாங்கும் குணத்தை அந்த மாதிரி ஒரு நேர் ரகத்தில் வைத்து, பொட்டலம் போட்டு, எங்கள் ஊர்க் கடை வரைக்கும் கொண்டுவந்து சேர்க்க யாருக்கும் மனசு வரவில்லை.

பக்கத்து நிலத்து அம்மா ஒருவர் ஒட்டு ரகத்துப் பழத்தில் விதை எடுத்துப் போட்டார். நாலு பாத்தி. அதைக் காட்டுவதற்கென்றே என்னைக் கூப்பிட்டார். "பாரு தம்பி, ஒண்ணு உருண்டை, ஒண்ணு நீளம், அந்த ஓரத்துல இருக்கிறது காயே வெக்கல. இன்னா விதை இது? நாலுல ஒண்ணுதான் நிக்குது. எடுத்த விதை வேலைக்கு ஆவாதுன்னு கடையில சொன்னப்போ நான்தான் நம்பல." அவர் நம்பாததில் தப்பே இல்லை. மிளகாய், கத்திரி, அவரை, பூசணி என்று எல்லாவற்றுக்கும் விதை எடுத்து, சாம்பல் புரட்டி, பானையில் கட்டி வைத்து வளர்ந்த வீடு அது.

கணக்கைப் பாருங்கள். ஒரு நோய்க்கு ஒரு ஓங்கு மரபணு என்று மிக எளிதாகவே வைத்துக்கொண்டாலும், ஒட்டுச் செடியின் விதையில் மூன்று குணமும் கூடியிருக்கும் செடி 64-க்கு 27தான். மூன்றும் நிலைத்து, பிள்ளை பேரன் என்று மாறாமல் போகக்கூடிய செடி 64-க்கு ஒன்றே ஒன்று. அதிலும் முன்பருவக் கருகலைத் தாங்கும் குணம் ஒற்றை மரபணுவில் அடங்குவதில்லை. பல மரபணுக்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கைகொடுத்துத் தருவது. இருபது செடி வைத்திருக்கிற அந்த அம்மா எந்தக் காலத்தில் அந்த ஒரு செடியைக் கண்டுபிடிப்பார்? ஏக்கர் கணக்கில் நிலமும் ஆளும் சம்பளமும் இருக்கிற ஆராய்ச்சிப் பண்ணைக்கு அது கஷ்டமில்லை. ஆறேழு தலைமுறை பொறுக்கி எடுத்தால் ரகம் நிலைத்துவிடும். வருடத்துக்கு இரண்டு பட்டம் என்றால் மூன்று நாலு வருட வேலை.

ஒட்டு ரகமே கூடாது என்று நான் சொல்லவில்லை. ராயக்கோட்டை, பாலக்கோடு மண்டிக்குப் பெட்டி பெட்டியாக ஏற்றுகிறவருக்குத் தோல் தடித்த, ஒரே அளவில் காய்க்கிற, லாரியில் நசுங்காத பழம் வேண்டும். எக்டேருக்கு 100, 150 கிராம் விதை அவருக்குப் போதும். விலை கொடுத்து வாங்கினால் கணக்குக் கட்டும். 2023 ஜூலையில் கிலோ நூறு ரூபாயைத் தாண்டியபோது அவரைப் போன்றவர்களிடம்தான் நாடே வாங்கிச் சாப்பிட்டது. ஆனால் ரோட்டோரம் கொட்டிவிட்டுப் போகிற விலை வரும்போது விதைக் கடன் அவர் தலையில் நிற்கிறது. சின்ன நிலத்துக்காரருக்கு அந்தக் கடனே இல்லாமல் ஒரு வழி இருக்கட்டும் என்றுதான் கேட்கிறேன்.

தக்காளியைப் போல விதை எடுக்கத் தோதான பயிர் கிடையாது. தன் பூவுக்குள்ளேயே மகரந்தம் சேர்ந்துவிடும். சான்று விதைக்கே 25 மீட்டர் இடைவெளி போதும் என்கிறது அரசு விதி. ஒரு கிராமில் முந்நூறு விதை வரை நிற்கும். சட்டமும் நம் பக்கம். 2001-ல் வந்த பயிர் ரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டத்தின் 39-வது பிரிவு, பதிவான ரகமாகவே இருந்தாலும் உழவர் விதை எடுக்கலாம், மறுபடி விதைக்கலாம், பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கலாம், விற்கலாம், வணிகப் பெயர் ஒட்டி மட்டும் விற்கக் கூடாது என்கிறது. 2019-ல் பெப்சிகோ நிறுவனம் குஜராத் உருளைக்கிழங்கு விவசாயிகள் மேல் வழக்குப் போட்டு, ஊரெல்லாம் எதிர்ப்பு கிளம்பியதும் திரும்பப் பெற்றதே, அப்போது எல்லாரும் எடுத்துக் காட்டியது இந்தப் பிரிவைத்தான். சட்டம் இவ்வளவு கொடுத்து என்ன பிரயோஜனம்? வாடலும் கருகலும் தாங்குகிற விதை முழுக்க ஒட்டு விதையாகவே இருந்தால், அந்த உரிமையை நட்டு முளைக்க வைக்க முடியவில்லையே.

பொட்டலத்தைப் பாருங்கள். முளைப்புத்திறன் குறைந்தது 70 சதம், புறத்தூய்மை 98 சதம், சோதித்த தேதி, காலாவதித் தேதி என்று போட்டிருக்கும், போட்டாக வேண்டும். முன்பக்கம் பெரிய எழுத்தில் 'நோய் எதிர்ப்புத் திறன் மிக்கது'. எந்த நோய்? இலைச்சுருட்டையா, வாடலா, கருகலா? பெரும்பாலும் இலைச்சுருட்டையாகத்தான் இருக்கும். வாங்குகிறவர் அதைக் கருகலுக்கும் சேர்த்துப் புரிந்துகொள்கிறார். கார்த்திகையில் இலை காய்ந்ததும் கடைக்கு ஓடுகிறார். கடைக்காரர் மேன்கோசெப் எடுத்து வைக்கிறார். நோயின் பெயரை ஒரு வரியில் போட மையா செலவாகிவிடும்?

சரி, கடை வேண்டாம் என்று விதைத் திருவிழாக்களுக்குப் போகிறேன். திருவண்ணாமலைக்கு வருகிறவர்களில் இயற்கை விவசாயத்தின் மேல் உண்மையான பிரியம் உள்ளவர்கள் நிறையப் பேர். மேஜை நிறையச் சின்னச் சின்னப் பொட்டலம். 'நாட்டுத் தக்காளி.' எந்த ஊரில் எடுத்தது? தெரியாது. எந்த வருடம்? போன வருடமோ அதற்கு முன்னாலோ. மழைக்காலத்தில் எப்படி நின்றது? "மருந்து அடிக்காமதான் வளத்தோம்." அது நல்லதுதான், ஆனால் நான் கேட்டது அதை இல்லையே. மேட்டுப்பாளையத்தில் கோடையில் வளர்ந்த செடியின் விதை, கார்த்திகை மழையில் எங்கள் செம்மண்ணில் என்ன செய்யும் என்று தெரிய வேண்டாமா? பொட்டலத்தின் மேல் ஊரையும் மாதத்தையும் எழுதுவதற்குப் படிப்பு வேண்டாம், ஒரு பேனா போதும்.

நெல்லுக்கு நெல் ஜெயராமன் இருந்தார். ஆதிரெங்கத்தில் வருடா வருடம் திருவிழா நடத்தி, 170-க்கு மேற்பட்ட பாரம்பரிய ரகங்களை மீட்டுவிட்டு 2018-ல் போய்ச் சேர்ந்தார். இரண்டு கிலோ விதை வாங்கிப் போகிறவர் அடுத்த வருடம் நாலு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும் என்று ஒரு முறை வைத்தார். விதை பெருகிற்று, எந்த ரகம் எந்த மண்ணில் எப்படி விளைந்தது என்ற தகவலும் அதோடு கைமாறிற்று. நெல்லுக்குக் கிடைத்த அந்த அக்கறையில் கால்வாசி தக்காளிக்குக் கிடைத்தால் போதும். தக்காளி வெளிநாட்டிலிருந்து வந்த பயிர்தானே, அதில் என்ன பாரம்பரியம் என்று சிலர் கேட்கிறார்கள். தேனி பக்கத்து அன்னஞ்சியில் உழவர்கள் விதை எடுத்து எடுத்து வைத்திருந்த உள்ளூர்த் தக்காளியிலிருந்துதான், பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி பி.கே.எம். 1 ரகத்தையே உருவாக்கிற்று. காயில் தோள்பட்டை பச்சையாக இருக்கும், அந்த ரகம். தமிழ்நாட்டில் தக்காளி பயிரிட்டவர்களுக்கு அதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அன்னஞ்சிக்காரர்கள் விதையைத் தொலைத்திருந்தால் அந்தக் கல்லூரி எதை வைத்து வேலை செய்திருக்கும்? அதே வேலையை அடுத்த படிக்குக் கொண்டுபோக, அதே மாதிரி உழவர் கையில் நிற்கிற விதை வேண்டும். இப்போது அதைத்தான் தொலைத்துக்கொண்டிருக்கிறோம்.

நம் வீடுகளிலும் பிழை இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். விதைக்குப் பழம் எடுக்கச் சொன்னால், முதல் பறிப்பில் வந்த பெரிய, அழகான பழத்தை எடுத்து வைக்கிறோம். அந்தப் பழம் கருகல் வருவதற்கு முன்னால் பழுத்தது. அந்தச் செடி தாங்குமா தாங்காதா என்று அது எப்படிச் சொல்லும்? கருகல் தோட்டத்துக்குள் வந்து, ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போகும் வரை காத்திருக்க வேண்டும். பக்கத்துச் செடியெல்லாம் முழங்கால் உயரத்துக்கு மொட்டையாக நிற்கும்போது எந்தச் செடி அடி இலையைக் கடைசி வரை வைத்திருக்கிறதோ, அதில்தான் சிவப்புத் துணி கட்ட வேண்டும். அதன் கடைசிப் பழம் சின்னதாகத்தான் இருக்கும். பார்க்க ஆசையாக இருக்காது. அதற்குள் வீட்டில் அடுத்த பயிருக்கு அவசரம் வந்து செடியைப் பிடுங்கச் சொல்வார்கள். பிடுங்கக் கூடாது. மலையடிவாரத்தில் இருப்பவர்களுக்குக் குரங்குத் தொல்லை வேறு. பழுத்த பழத்தை அது விட்டுவைக்காது; செங்காயாக இருக்கும்போதே பறித்து வீட்டுக்குள் பழுக்க வைத்துக்கொள்ள வேண்டும்.

காம்பருகே கறுத்த பழம் விதைக்கு ஆகாது, நோய் விதையோடு வரும். நல்ல பழத்தைப் பிழிந்து, சாறோடு ஒரு கிண்ணத்தில் விட்டு மூடி வைத்தால், நம் ஊர் வெக்கைக்கு ஒன்றிரண்டு நாளில் புளித்து மேலே ஆடை கட்டும். விதையைச் சுற்றியிருக்கும் வழவழப்பு அதில் கழன்றுவிடும். தண்ணீர் விட்டு அலசினால் பொக்கு மிதக்கும், முற்றிய விதை அடியில் தங்கும். துணியில் பரப்பி நிழலில் உலர்த்த வேண்டும். பேப்பரில் போட்டால் ஒட்டிக்கொண்டு வராது. விதைப்பதற்கு முன்னால் டிரைக்கோடெர்மா விரிடி, கிலோவுக்கு 4 கிராம் கணக்கில் புரட்டினால் நல்லது. நாலைந்து செடியிலிருந்து விதை சேர்த்து வைத்தால், ஒரே செடியை நம்பி ஏமாற வேண்டியதில்லை.

இதில் யாரும் பேசாத ஒரு விஷயம் இருக்கிறது. தோட்டம் முழுக்க வாரா வாரம் மருந்து அடித்தால், தாங்குகிற செடி எது, தாங்காத செடி எது என்று கண்ணுக்கே தெரியாது. எல்லாம் ஒரே மாதிரி பச்சையாக நிற்கும். கூட்டத்தில் ஒரு செடி தானாகவே தாங்கக் கூடியதாக இருந்தாலும் நமக்கு அது காட்டிக்கொடுக்காது. விதைக்கு என்று ஓரத்தில் ஒரு பாத்தியை மருந்து அடிக்காமல் விட வேண்டும். அந்தப் பாத்தியில் பத்துக்கு எட்டு கருகினாலும் பரவாயில்லை, மிஞ்சுகிற இரண்டுதான் வேண்டும். ஆனால் கருகுகிற செடியைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க மனசு கேட்காது. கடையிலும் விடமாட்டார்கள். "அந்த ஓரத்துப் பாத்தியால மத்ததெல்லாம் கெட்டுடும் சார்" என்று பயமுறுத்துவார்கள். தள்ளி நட்டு, கீழே வைக்கோல் மூடாக்குப் போட்டு, தண்ணீரை இலையில் தெளிக்காமல் அடியில் விட்டால் அவ்வளவு சீக்கிரம் பரவாது.

2024 டிசம்பர் 1-ல் ஃபெஞ்சல் புயல் மழையில் மலையில் மண் சரிந்து ஏழு உயிர் போன ஊர் இது. அந்த நாட்களில் தக்காளியைப் பற்றிப் பேச வாய் வரவில்லை. ஆனால் மழை விட்டு ஊர் மெல்ல எழுந்த பிறகு தோட்டங்களில் பார்த்தேன். எங்கு பார்த்தாலும் காய்ந்த தண்டு. நடுவில் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சில செடிகள் பச்சை இலையோடு நின்றன. ஆராய்ச்சிப் பண்ணையில் கிருமியைத் தெளித்து, ஈரத்தைக் கூட்டி, காசு செலவழித்து நடத்துகிற சோதனையை வானம் இலவசமாக நடத்திவிட்டுப் போயிருந்தது. அந்தச் செடிகளில் ஒரு பழம் எடுத்து வைக்க எந்த அலுவலகத்திலிருந்தும் ஒருவர் வரவில்லை. பயிர்ச் சேதக் கணக்கில் எத்தனை ஏக்கர் போனது என்று எழுதினார்கள். எந்தச் செடி பிழைத்தது என்ற கட்டம் அந்தப் படிவத்தில் கிடையாது. தை பிறந்ததும் எல்லாவற்றையும் ஒன்றாக உழுது போட்டுவிட்டார்கள்.

வாழவச்சனூரில் 2014-லிருந்து வேளாண் கல்லூரி இருக்கிறது. பிள்ளைகள் படிக்கிறார்கள், நிலம் இருக்கிறது, பயிர் நோய் சொல்லிக்கொடுக்கிற ஆசிரியர்கள் இருக்கிறார்கள். கார்த்திகைப் பட்டத்தில் அரை ஏக்கர் போதும். செங்கம், தண்டராம்பட்டு, போளூர், ஜவ்வாது மலை என்று மாவட்டம் முழுக்க வீடுகளில் இருக்கிற தக்காளி விதையை வாங்கி, ஒட்டு ரகத்தைப் பிரித்தெடுத்த வரிசைகளையும் பக்கத்தில் வைத்து, மருந்து அடிக்காமல் வளர்க்கட்டும். மார்கழியில் ஒரு நாள் கதவைத் திறந்து எங்களைக் கூப்பிடட்டும். எந்தச் செடி நிற்கிறது என்று நாங்களே பார்த்து, நாங்களே துணி கட்டிவிட்டு வருகிறோம். அதில் வருகிற விதையை ஆளுக்கு ஒரு கிராம் கொடுத்தால், ஒரு வருடத்தில் ஒரு ஊருக்கே போதும். இதைச் செய்ய ஒரு கோடி திட்டமோ மந்திரி வந்து ரிப்பன் வெட்டுவதோ தேவையில்லை.

அதுவரை என்னிடம் இருப்பதைச் சொல்கிறேன். நாட்டுத் தக்காளி, புளிப்புப் பழம், தோல் மெல்லிசு, லாரிக்கு ஆகாது. பொட்டலத்தின் மேல் எழுதியிருப்பது: அடி அண்ணாமலைச் செம்மண், கிணற்றுத் தண்ணீர், ஐப்பசி நடவு, மருந்து இல்லை, தை முதல் வாரம் வரை அடி இலை நின்றது. கருகலே வராது என்று சொல்லமாட்டேன், வரும். மற்றதை விடத் தாமதமாக வரும். வேண்டுகிறவர்களுக்கு ஒரு சிட்டிகை தருகிறேன், காசு வேண்டாம். உங்கள் நிலத்தில் எந்த மாதம் வரை இலை நின்றது என்று எழுதிய பொட்டலத்தில் கொஞ்சம் விதையைத் திருப்பிக் கொண்டுவந்து கொடுங்கள்.